ஆமி வந்த ஞாயிற்றுக்கிழமை

மோர்னிங்சைட் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்து வாசலில் தடித்த ஜக்கெற் போட்ட நாற்பது பேர் கையில் கோஷம் எழுதிய மட்டைகளோடு நின்று, "ஆமியே வெளியேறு!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே ஆமி ஒரு கதிரையில் உட்கார்ந்து தொதல் இனிப்பு வெட்டிக்கொண்டிருந்தார். வயது எழுபத்து நான்கு. கழுத்தில் சிவப்பு போ டை. காலில் மகள் வாங்கிக் கொடுத்த பனிச் சப்பாத்து. அதில் ஒரு நாடா அவிழ்ந்து கிடந்தது.

"வெளியே சத்தம் கேட்கிறதே, என்னுடைய ஆட்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை கஸ்பார் அங்கிள். எங்கட ஆக்கள்."

"எத்தனை பேர் இருப்பார்கள்?"

"நாப்பது."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நாற்பது பேர்! கொங்கணிக்கு!" என்று எழுந்து போய், ஜன்னல் வழியாக அவர்களுக்குச் சந்தோசமாகக் கை அசைத்தார். வெளியே கோஷம் இன்னும் உரத்தது.

அந்த நாற்பது பேரும் குளிரில் வந்து நிற்பதற்குக் காரணம் ஒரே ஒரு நெடில் எழுத்து. அதை அடித்தவன் நான்.

ஆட்டிறைச்சியும் திருஇருதயமும்

எங்கள் வீட்டில் எழுத வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பா தீவுப்பகுதியில் கடல் தொழில் செய்தவர். தன் பெயரை எழுதுவார் என்று சொல்ல முடியாது, கீறுவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. நான் கொலிஜ் முடித்து, அஜின்கோர்ட்டில் குணம் அண்ணையின் அச்சகத்தில் வடிவமைப்பு வேலைக்குச் சேர்ந்தபோது, அம்மா அதை மருத்துவப் படிப்புக்கு ஒரு படி மேலே வைத்துவிட்டார்.

கலியாண அழைப்பிதழ், பெண் பெரியவளான சாமத்தியவீட்டுக் கார்ட், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் எல்லாம் நான் அடிப்பேன். முதன்முதலாக நான் வடிவமைத்தது ஒரு பலசரக்குக் கடைத் துண்டுப் பிரசுரம். அம்மா அதற்குச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் திருஇருதய ஆண்டவருக்குப் பக்கத்தில் மாட்டினார். இப்போதும் இருக்கிறது. செபமாலை சொல்லும்போது நிமிர்ந்து பார்த்தால் ஆண்டவர் முகம் தெரியும். கொஞ்சம் வலப்பக்கம் பார்த்தால் ஆட்டிறைச்சி விசேட விலை.

(போன கிழமை இந்தத் தொடரில் நான் நான்காவது முறை லைசன்ஸ் எடுத்த கதையை எழுதியதில் அம்மாவுக்குக் கோபம். மூன்று முறை தவறியதை ஏன் ஊருக்குச் சொன்னாய் என்று. அவர் வாசித்ததில்லை, யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். இந்தக் கதை முழுவதும் அந்த "யாரோ வாசித்துக் காட்டுவது" பற்றியதுதான் என்பதால் சொல்லி வைக்கிறேன்.)

ஐந்து எழுத்து

கஸ்பார் அங்கிள் எங்கள் அச்சகத்துக்கு வந்தது ஒரு எட்டுப் பக்கச் சஞ்சிகை அடிக்க. கோவாவில் பிறந்து, நைரோபியில் பாதி ஆயுள் இருந்து, பிறகு இங்கே வந்தவர். கொங்கணியில் மூன்று நாவல் எழுதியவர். அதைவிடப் பல மடங்கு புகார்க் கடிதம் எழுதியவர். அவருடைய இனத்தவர் அநேகம் பேர் மிசிசாகா பக்கம். இவர் மட்டும் கிழக்குக் கோடியில். மகள் விட்பியில் வீடு வாங்கிவிட்டாள். அவளுக்குக் கிட்டவும் இருக்க வேண்டும், அவளோடும் இருக்கக் கூடாது. அப்படி அளந்து பார்த்ததில் மோர்னிங்சைட் வந்ததாம்.

அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். தன் வாயில் இன்னொரு மொழியைத் திணித்தேன் என்று தெரிந்தால் எனக்கும் ஒரு கடிதம் வரும்.

முதல் நாள் மரியாதைக்காக, கொங்கணிக்கு எத்தனை எழுத்து என்று கேட்டேன்.

"ஐந்து."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தோடு மாரடித்துப் படித்தவன் நான். உடனே உள்ளே போய் குணம் அண்ணையிடம் சொன்னேன்.

"அண்ணை, உவற்றை பாசையிலை மொத்தமே அஞ்செழுத்துத்தானாம்."

"அப்ப டைப் பண்ண லேசு," என்றார் குணம் அண்ணை. "ரெண்டு நாளிலை தாறம் எண்டு சொல்லு."

பிறகுதான் விளங்கியது. அவர் சொன்னது எழுத்து முறைகள். தேவநாகரியில் எழுதுகிறவர்கள், ஆங்கில எழுத்தில், கன்னட எழுத்தில், மலையாள எழுத்தில், அரபு எழுத்தில் எழுதுகிறவர்கள் என்று ஒரே மொழி ஐந்து சட்டை போட்டுக்கொண்டு திரிகிறது. எந்தச் சட்டை சரி என்று சட்டைக்காரர்களுக்குள் சண்டை. கஸ்பார் அங்கிள் ஆங்கில எழுத்துக்காரர்.

ஆனால் அந்தச் சண்டை அவருக்குப் பொழுதுபோக்கு. உண்மையான சண்டை வேறு. "கொங்கணியா, அது மராத்தியின் ஒரு வட்டார வழக்குத்தானே?" என்று யாராவது கேட்டுவிட வேண்டும். ஒருமுறை பஸ்ஸில் ஒரு மனிதர் அப்படிக் கேட்டுவிட்டு இறங்கிவிட்டார். இவரும் கூடவே இறங்கி, அவர் வீட்டு வாசல் வரை விளக்கிக்கொண்டே போய், அங்கே தேநீரும் குடித்துவிட்டு வந்தார்.

ஒரு கிளினிக்கில் படிவத்தில் தாய்மொழி என்று கேட்ட இடத்தில் கொங்கணி என்று சொல்லியிருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண் அதை ஒரு பெண் பெயராக எடுத்து, "கோனி" என்று எழுதி வைத்துக்கொண்டு, அரை மணிநேரம் கழித்து, "கோனி? கோனி இருக்கிறாளா?" என்று கூப்பிட்டாளாம். இவர் எழும்பவில்லை. மருத்துவரைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினார்.

இருபது பேர்

அவருக்கு வாழ்க்கையில் கடைசியாக ஒரே ஒரு ஆசை இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணிநேரம், கோயில் மண்டபத்தில் கொங்கணி மட்டும் பேச ஓர் இடம். பாட்டு, வாசிப்பு, வம்பு எல்லாம் கொங்கணியில். மிசிசாகாவுக்கு மூன்று பஸ் மாறிப்போக அவருடைய முழங்கால் விடவில்லை.

மண்டபத்தின் எல்லா ஞாயிறும் எங்கள் தமிழ் முதியோர் சங்கத்திடம் இருந்தது. செயலாளர் பொன்ராசா அண்ணை. முதலாம் ஞாயிறு பிங்கோ. இரண்டாம் ஞாயிறு யோகாசனம். மூன்றாம் ஞாயிறு அன்று, நான்காம் ஞாயிறு நடக்கப்போகும் கூட்டத்தைப் பற்றிய ஆலோசனைக் கூட்டம்.

பாதர் பிலிப்பைன்ஸ்காரர், இளகிய மனம். ஆனாலும் ஒரு விதி வைத்தார். "ஒரு ஞாயிறு சோதித்துப் பார்ப்போம். கொங்கணி பேசுகிறவர்கள் இருபது பேர் வந்தால் மூன்றாம் ஞாயிறு உங்களுடையது. வராவிட்டால் இதைப் பற்றி இனிமேல் எனக்குக் கடிதம் எழுதக் கூடாது."

கஸ்பார் அங்கிள் ஒப்புக்கொண்டார். கடிதம் எழுத மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வாயைத் திற

கோயில் பலகையில் ஒட்டும் எந்த அறிவித்தலும் ஆங்கிலம், தமிழ், தகாலொக் மூன்றிலும் இருக்க வேண்டும். தன் மொழியான தகாலொக்கைப் பாதரே எழுதித் தந்தார். தமிழ் என் பொறுப்பு.

கூட்டத்தின் பெயரும் சஞ்சிகையின் பெயரும் ஒன்றுதான். கொங்கணியில் "நாங்கள்" என்று பொருள் வரும் சொல். ஆங்கில எழுத்தில் ஏ, எம், ஐ. நான் தமிழில் "அமி" என்று அடித்தேன். கஸ்பார் அங்கிள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, வாசிக்கச் சொன்னார்.

"அமி."

"இல்லை! ஆ... ஆ! பல் டாக்டரிடம் போனால் எப்படித் திறப்பாய்? வாயைத் திற!"

நான் திறந்தேன். "ஆமி."

"அதுதான்! நாற்பது வருடமாக இதற்காகத்தான் நான் சண்டை பிடிக்கிறேன். ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லுங்கள் என்று."

ஆகவே, ஆமி. பெரிய எழுத்தில். அதற்குக் கீழே அவர் கேட்ட கொங்கணி வரி: "ஆமி ஆயல்யாவ்!" என்றால், நாங்கள் வந்துவிட்டோம். அதற்குக் கீழே ஞாயிறு பிற்பகல் மூன்று மணி, கோயில் மண்டபம், அனைவரும் வருக. பின்னணிக்குத் தென்னோலை வேண்டும் என்றார். நான் கரும்பச்சையும் மண்ணிறமுமாக ஓலைகளைத் திட்டுத் திட்டாகப் பரப்பினேன். மிக நன்றாக வந்தது. கொலிஜில் காட்டியிருந்தால் புள்ளி கிடைத்திருக்கும்.

வழக்கமாகத் தமிழ் எதையும் குணம் அண்ணை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் மெசினுக்கு அனுப்புவார். அன்று அவர் ஒரு சாமத்தியவீட்டு அல்பத்தில் பெண்ணின் மாமனுக்குத் தலைமயிர் வைத்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை.

எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். நான் ஐந்து வயதில் இங்கே வந்தவன். எங்கள் ஊரில் ஆமி என்றால் இராணுவம். அந்தச் சொல் எனக்குத் தெரியும்; ஆனால் என் காதுக்குள் அது விழவில்லை. மூன்று மாதமாக அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்து அடித்து, எனக்கு அது ஒரு கிழவரின் சஞ்சிகை. அம்மாவுக்கு அது ஒரு சத்தம். சப்பாத்துக் கால்களின் சத்தம். அவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது இன்னமும் குரலைத் தாழ்த்துவார், அஜின்கோர்ட்டில் குளியலறைக்குள் நின்று சொன்னாலும்.

என்ர மோன் அடிச்சது

கோயில் பலகையில் அதைப் பார்த்தது எங்கள் கீழ் வீட்டு றீற்றா அன்ரி. வாசித்ததும் கோயிலடியில் நின்றே அம்மாவுக்குப் போன் எடுத்தார். அந்தச் சம்பாஷணையை இருவரும் பின்னாளில் எனக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"அக்கா, கோயில் ஹோலுக்கு ஆமி வருதாம்."

"ஆர் சொன்னது?"

"நோட்டீஸ் ஒட்டியிருக்கு. ஞாயிறு மூண்டு மணி. ஆமி உடுப்பு மாதிரிப் பச்சையும் மண்ணிறமும் அடிச்சிருக்கு. அனைவரும் வருகவாம், பாருங்கோவன் துணிவை!"

"வேற என்ன போட்டிருக்கு?"

"ஆமி ஆயல்யா... ஆயிலியம் எண்டு என்னவோ கிடக்கு. ஆயிலிய நட்சத்திரத்திலை வருகினம் போல."

"உவங்கள் எந்தக் காலம் நாள் பாத்து வந்தவங்கள்? ஆர் அடிச்ச நோட்டீஸ்?"

"அதுதான் அக்கா சொல்லப் பயமாக் கிடக்கு. கீழை உங்கட மோன்ர கடைப் பேர்."

அம்மா சொன்னாராம்: "என்ர மோன் அடிச்சது எண்டால் பிழை இராது. அப்ப வருது."

அந்தக் கடைசி வசனம்தான் தீப்பெட்டி. றீற்றா அன்ரி சொன்னால் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். படித்த பிள்ளை அடித்தது, அவன் தாயே உறுதிப்படுத்தியது என்றதும் செய்தி பறந்தது. வியாழக்கிழமைக்குள் ஒரு பழைய ஆமிக் கேர்ணல் வந்து விளக்கம் கொடுக்கப்போகிறார் என்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவருக்கு மீசையும் வந்துவிட்டது.

என்னிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை. அம்மா தடுத்து வைத்திருந்தார். "பாவம் பிள்ளை, வேலையிடத்திலை சொல்லி அடிப்பிச்சிருப்பாங்கள். அவனைக் கேட்டுக் கரைச்சல் குடுக்காதேங்கோ."

சனிக்கிழமை எனக்கு லீவு. அன்று பொன்ராசா அண்ணை எங்கள் கடைக்கே வந்து நாற்பது மட்டை அடிப்பித்திருக்கிறார். குணம் அண்ணை மட்டைகளை மிகக் கவனமாக எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

தட்டோடு வந்தவர்

இனி வாசலுக்கு வருவோம். கஸ்பார் அங்கிள் கை அசைத்து, கோஷம் உரத்ததும் நான் வெளியே ஓடினேன். முன்வரிசையில் அம்மா. அவர் பிடித்திருந்த மட்டை தலைகீழாக இருந்தது. நான் எதையும் யோசிக்காமல், தொழில் பழக்கத்தில், அதை வாங்கி நிமிர்த்திக் கையில் கொடுத்தேன். அதன் பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தேன்.

"அம்மா! என்ன உது?"

"நீ உள்ளுக்குப் போ அப்பன். உனக்கு வேலை போகும்."

"உள்ளுக்கு ஆமி இல்லை அம்மா!"

"எடேய், நீதானே அடிச்சனி!" என்றார் பொன்ராசா அண்ணை.

நான் விளக்கத் தொடங்கினேன். கொங்கணி, கோவா, நெடில், பல் டாக்டர். குளிரில் வாய் உதறியதில் எல்லாம் கலந்து வந்தது. பொன்ராசா அண்ணை என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பெடியனை நல்லாய்ப் பயமுறுத்தி வைச்சிருக்கிறாங்கள்," என்றார் பின்னால் திரும்பி.

அப்போது கதவு திறந்தது. கஸ்பார் அங்கிள் ஒரு பெரிய தட்டோடு வந்தார். போ டை. சிரிப்பு. நாற்பது பேரையும் ஒருமுறை நிறைவாகப் பார்த்துவிட்டு, நெஞ்சு நிமிர்த்தி, உரத்துச் சொன்னார்:

"ஆமி ஆயல்யாவ்!"

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பிறகு அவருடைய வயதைப் பார்த்தது. பிறகு அவிழ்ந்த சப்பாத்து நாடாவைப் பார்த்தது. பிறகு தட்டைப் பார்த்தது.

"உது தொதல் எல்லோ?" என்றார் அம்மா.

"தோதோல்!" என்றார் கஸ்பார் அங்கிள்.

"தொதல்," என்றார் அம்மா.

"தோதோல்."

"தேங்காய்ப்பால் விட்டதோ எண்டு கேள் தம்பி," என்றார் றீற்றா அன்ரி.

கேட்டேன். விட்டதுதான். கருப்பட்டியும் போட்டதுதான். ஒரு கேர்ணல் தொதல் கிண்ட மாட்டார் என்பதில் பெண்கள் எல்லோருக்கும் ஒரே கருத்து. கைவலிக்கும் வேலை அது; அதற்குப் பொறுமை வேண்டும். பொன்ராசா அண்ணை மட்டும் கடைசி வரை சந்தேகத்தோடு ஒரு துண்டை எடுத்து, மணந்து பார்த்து, வாயில் போட்டு, மென்றுகொண்டே, "மட்டையளை வெளியிலை வையுங்கோ," என்று உத்தரவு போட்டார். தன்னுடையதை மட்டும், பழக்கம் போல, கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

தலை எண்ணிக்கை

ஈரமான ஜக்கெற் மணமும் இஞ்சித் தேத்தண்ணி மணமுமாக மண்டபம் நிறைந்துவிட்டது. மூன்றரைக்குப் பாதர் வந்தார். வாசலிலேயே நின்று விரலால் எண்ணினார். முகம் மலர்ந்தது.

"கஸ்பார், நாற்பத்தைந்துக்கு மேல்! நான் தோற்றுப்போனேன். மூன்றாம் ஞாயிறு உங்களுடையது."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அங்கிளுக்கு இடம் கிடைத்துவிடும், என் பிழையும் புண்ணியமாகிவிடும். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், பேசாதேங்கோ என்று.

கஸ்பார் அங்கிள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இவர்கள் என்னுடையவர்கள் இல்லை, பாதர். இவர்கள் தமிழர்கள். என்னை எதிர்க்க வந்தவர்கள். மிகவும் நல்லவர்கள்."

"அப்படியானால் கொங்கணி பேசுகிறவர்கள் எத்தனை பேர்?"

"மிசிசாகாவிலிருந்து ஒரு காரில் நான்கு பேர். என் மகள். நான். ஆறு."

"உங்கள் மருமகனும் இருக்கிறாரே?"

"அவனை எண்ணாதீர்கள். அவனுக்குத் தெரிந்தது 'சோறு', 'போதும்' இரண்டு சொல்தான். அதிலும் இரண்டாவதைப் பாவிக்க மாட்டான்."

பாதர் சிரிக்கவில்லை. "கஸ்பார், நான் இருபது என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் தாராளமாக எண்ணினால் என்ன?"

"என் வாழ்நாள் முழுவதும் எங்களை வேறு ஒருவரின் எண்ணிக்கையில் சேர்த்து எழுதினார்கள். நான் இன்னொருவரை என் எண்ணிக்கையில் சேர்க்க மாட்டேன்." சொல்லிவிட்டு, மிஞ்சிய தொதலைத் தட்டில் ஒழுங்காக அடுக்கத் தொடங்கினார். ஆறு பேருக்குத் தட்டு மிகப் பெரியது.

"என்னவாம் கிழவர்?" என்று பொன்ராசா அண்ணை என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் தொதல் ஒட்டிய விரலை நக்குவதை நிறுத்தினார்.

"பாதருக்குச் சொல்லு," என்றார். "எங்கட மூண்டாம் ஞாயிறை அவருக்கு விடுறம். அண்டைக்கு நாங்கள் பேசுறது, நாலாம் ஞாயிறு என்ன பேசலாம் எண்டுதான். அதை வட்ஸப்பிலை பேசலாம். ஆனால் ஒரு கண்டிசன். அந்த நோட்டீஸிலை ஆமி எண்ட சொல்லுக்குக் கருத்தைப் போடவேணும். இல்லாட்டி ஒவ்வொரு மாசமும் நான் மட்டை அடிக்கேலாது."

நான் கருத்தைச் சொன்னேன். அங்கேதான் புதுச் சிக்கல். நாங்கள் என்று போடுவதா, நாம் என்று போடுவதா?

"நாம் எண்டு போடு, அதுதான் இலக்கணம்," என்றது ஒரு குரல். "நாங்கள்தான் வழக்கம்," என்றது இன்னொன்று. ஒரு நிமிடத்தில் மண்டபம் இரண்டாகிவிட்டது. மேசையில் அடித்துப் பேசினார்கள். கஸ்பார் அங்கிளின் முகத்தில் மெல்ல ஒளி வந்தது. ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் சண்டை பிடிப்பதை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம்.

"என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்.

"நாங்கள் என்றால் கேட்டுக்கொண்டிருப்பவர் அதற்குள் இல்லை. நாம் என்றால் அவரும் சேர்த்தி."

"எங்கள் மொழியிலும் அப்படி இரண்டு உண்டு," என்றார் பாதர் உற்சாகமாக. "காமி, தாயோ. நான் நோட்டீஸில் எல்லோரும் சேர்ந்த தாயோவைத்தான் போட்டேன்."

"தாயோ?" என்றார் அம்மா. "ஆற்ற தாய்?"

கஸ்பார் அங்கிள் யோசிக்கவே இல்லை. "நாங்கள் என்று போடு. பாதர், நீங்களும் மாற்றுங்கள்."

பொன்ராசா அண்ணையின் முகம் சுருங்கிவிட்டது. "ஞாயிறையும் குடுத்து, எங்களையே வெளியிலை விடுறாரோ? ஏனாம் எண்டு கேள்."

கேட்டேன். அங்கிள் அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்; நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். "நீங்கள் வரலாம். எல்லா மாதமும் வாருங்கள். ஆனால் நாம் என்று எழுதினால், அடுத்த வருடம் இங்கே நீங்கள் நூறு பேர், நான் ஆறு பேர். அப்போது அந்த 'நாம்' எந்த மொழியில் பேசும்?"

பொன்ராசா அண்ணை தன் சங்கத்து ஆட்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"உது... உது நான் சொல்ற பொயின்ற் எல்லோ!" என்றார். "நாப்பது வருசமா எங்கட ஆக்களுக்காக எல்லா மேடையிலயும் இதைத்தானே நான் சொல்லிக்கொண்டு திரியிறன்!"

கக்கத்தில் இருந்த மட்டையை எடுத்து, எழுதாத பக்கத்தைத் திருப்பி, என் முன்னால் மேசையில் வைத்தார்.

"நாங்கள் எண்டு எழுதடா தம்பி. பெரிசாய் எழுது. பின்னுக்கு நிக்கிறவைக்கும் தெரியவேணும்."